நமாஸுவோ தோஷிரோ: ரெண்டு கொல்லர் கைபட்ட ஒரு குட்டை வாள்

ஜப்பான்ல நாகோயா ஊர்ல தொக்குகாவா ஆர்ட் மியூசியம்னு ஒண்ணு இருக்கு, அங்க நமாஸுவோ தோஷிரோன்னு ஒரு குட்டை வாள் இருக்கு. அலகு நீளம் 40 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. 13ஆம் நூற்றாண்டுல கியோத்தோல இருந்த யோஷிமித்சுங்கற கொல்லர் அடிச்சது, கைப்பிடிக்குள்ள மறைஞ்சிருக்கற காம்புல அவரு பேரு ரெண்டே எழுத்துல வெட்டியிருக்கு. ஆனா இப்ப அதுல இருக்கற வெட்டுமுனை அவரு போட்டது இல்ல. 1615ல ஒசாகா கோட்டை எரிஞ்சப்போ இந்த வாளும் அதோட சேர்ந்து வெந்துபோச்சு, அப்புறம் யாசுத்சுகுன்னு வேற ஒரு கொல்லர் திரும்ப உலையில வச்சு துவைச்சல் போட்டு, அதாவது காய வச்சு தண்ணில முக்கி முனைய கடினமாக்கி, உயிர் குடுத்தாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல 300 வருஷத்துக்கு மேல இருக்கு. அப்ப இத யாரு செஞ்ச வாள்னு சொல்றது? லேபிள்ல யோஷிமித்சுன்னுதான் இருக்கும். எனக்கு அதுல பாதி சம்மதம்தான், ஏன்னு சொல்றேன்.

முதல்ல யோஷிமித்சு யாருன்னு பாத்துடலாம். அப்போ கியோத்தோதான் தலைநகரம், கிழக்குப் பக்கத்துல இருந்து ஊருக்குள்ள வர்ற வாசல் மாதிரி இருந்த இடம் அவதாகுச்சி. அங்க கொல்லர் குடும்பம் ஒண்ணு ரொம்ப நாளா தொழில் பண்ணிட்டிருந்துச்சு. 13ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல கோதோபான்னு ஒரு பேரரசர், பதவிய விட்டு எறங்கினதுக்கு அப்புறம், நாட்டுல இருக்கற நல்ல கொல்லர்கள மாசத்துக்கு ஒருத்தர்னு முறை வச்சு அரண்மனைக்குக் கூப்ட்டு வாள் அடிக்க வச்சதா சொல்லுவாங்க, அந்த லிஸ்ட்ல அவதாகுச்சிக்காரங்க பேரு நிறைய வரும். யோஷிமித்சு அதுக்குப் பின்னாடி தலைமுறை. குனியோஷிங்கற கொல்லரோட மகன்னு ஒரு பேச்சு, சிஷ்யன்னு இன்னொரு பேச்சு. தோஷிரோங்கறது அவர வீட்லயும் ஊர்லயும் கூப்ட்ட பேரு, அதனாலதான் அவரு வாள் எல்லாத்துக்கும் பின்னாடி தோஷிரோ தோஷிரோன்னு ஒட்டிக்கிட்டு வருது.

அந்தக் காலத்து பெரிய கொல்லர்னா நீள வாள்லதான் பேரு எடுப்பாங்க, இவரு மட்டும் குட்டைலயே நின்னுட்டாரு. ஜப்பான்காரங்க கணக்குல ஒரு ஷாகு, அதாவது சுமார் 30 சென்டிமீட்டருக்குக் கீழ இருந்தா தான்தோ, அதுக்கு மேல 60 வரைக்கும் வாகிஸாஷி, அதையும் தாண்டினாதான் நீள வாள். யோஷிமித்சு அடிச்சதுல நமக்குக் கிடைச்சது பெரும்பாலும் தான்தோதான். நீள வாள்னு பேரு சொல்லி சொல்றது ஒண்ணே ஒண்ணு, இச்சிகோ ஹிதோஃபுரி, வாழ்நாள்ல ஒண்ணுன்னு அர்த்தம், அது இப்ப பேரரசர் குடும்பத்து சொத்து.

அவரு வேலைய ரசிக்கறவங்க ரெண்டு விஷயத்த சொல்லுவாங்க. ஒண்ணு இரும்போட தோல். மடிச்சு மடிச்சு அடிச்ச எஃக நல்லா பாலிஷ் போட்டா அதுல ஒரு ரேகை தெரியும், இவரோடது ரொம்ப நெருக்கமா, பேரிக்காய வெட்டினா உள்ள தெரியற மாதிரி ஈரப்பதமா மினுமினுன்னு இருக்கும்னு சொல்றாங்க. இன்னொண்ணு வெட்டுமுனையோரம் ஓடற ஹாமோன், அந்த வெள்ளைக் கோடு. பெரும்பாலும் நேர்கோடா, அடக்கமா போவும், ஆனா பிடி பக்கத்துல தொடங்கற எடத்துல மட்டும் சின்னச் சின்ன அரைவட்டம் வரிசையா, பயறு கோத்து வச்ச மாதிரி வரும். நுனிகிட்ட போனா கோடு ஒல்லியாயிடும். கையெழுத்துப் பாக்காமலே இது அவருதுன்னு கண்டுபிடிக்கறவங்க இத வச்சுத்தான் கண்டுபிடிக்கறாங்க. இந்த ரெண்டையும் ஞாபகம் வச்சுக்குங்க, ஏன்னா நெருப்பு வந்து தின்னது இது ரெண்டையும்தான்.

இவரு கத்திக்கு அவ்ளோ மவுசு வந்ததுக்கு அழகு மட்டும் காரணம் இல்ல. ஒரு கதை இருக்கு. 1493ல ஹதாகேயாமா மாசனாகான்னு ஒரு பெரிய தலைவர், கவாச்சி நாட்டுல எதிரிங்க சுத்தி வளைச்சுட்டாங்க, தப்பிக்க வழி இல்ல, வயித்த வெட்டிக்கிட்டு செத்துடலாம்னு யோஷிமித்சு தான்தோவ எடுத்து குத்தறாரு, மூணு தடவ குத்தியும் எறங்கல. கடுப்புல தூக்கி வீசினாரு, அது போயி பக்கத்துல இருந்த மருந்து அரைக்கற இரும்பு யாகென்ல குத்தி ஊடுருவி நின்னுச்சாம். இரும்ப தொளைக்கற கத்தி எசமான் வயித்த மட்டும் தொளைக்கலன்னு ஊரே பேச ஆரம்பிச்சுடுச்சு, அந்தக் கத்திக்கு யாகென் தோஷிரோன்னு பேரும் வந்துச்சு. மாசனாகா வேற கத்தி வாங்கி செத்துட்டாருங்கறத யாரும் பெருசா எடுத்துக்கல. எப்ப யாரு முதுகுல குத்துவாங்கன்னு தெரியாம வாழ்ந்த யுத்த காலத்து பிரபுக்களுக்கு இந்த மாதிரி கதைதான் தேவைப்பட்டுச்சு. அந்த யாகென் தோஷிரோ கடைசியா நாட்டப் பிடிக்கக் கெளம்பின ஓதா நோபுநாகாங்கற போர்த்தலைவர் கைக்குப் போச்சு, அவரும் 1582ல ஹொன்னோஜி கோயில்ல சொந்த தளபதி துரோகத்துல நெருப்புக்கு நடுவுல செத்தாரு, கத்தியும் அங்கயே போயிடுச்சுன்னுதான் பொதுவான நம்பிக்கை. எசமான காப்பாத்தற கத்தி!

நமாஸுவோவுக்கு வருவோம். நமாஸுன்னா கெளுத்தி மீன், இந்த அலகு நுனிப் பக்கம் கொஞ்சம் அகலமா கொழுகொழுன்னு இருக்கறதால கெளுத்தி வால்னு பேரு. பாத்தீங்கன்னா சாதாரண வாகிஸாஷி மாதிரி இருக்காது, நீளக் கம்புல மாட்டி சுத்தற நாகினாதாவோட அலக எடுத்து குட்டை வாளா மாத்தின உருவம்.

இது முதல்ல பேரு வாங்கினதே ஒரு கொலையில. நோபுநாகாவோட மகன் நோபுகாத்சு, 1584ல தன்னோட மூத்த அமைச்சர்கள் மூணு பேரு ரகசியமா, நோபுநாகாவுக்கு அப்புறம் அதிகாரத்தப் பிடிச்சுட்டிருந்த ஹிதேயோஷி பக்கம் சாஞ்சுட்டாங்கன்னு சந்தேகப்பட்டு கூப்ட்டு தீர்த்துக் கட்டினாரு. அதுல ஒகாதா ஷிகேதாகாங்கறவர வெட்டினது இந்த வாள்லதான்னு வாள் வரலாறு எழுதினவங்க சொல்றாங்க. அந்தக் கொலையே ஹிதேயோஷிக்கும், நோபுகாத்சுவும் தொக்குகாவா இயேயாசுங்கற பிரபுவும் சேர்ந்த கூட்டணிக்கும் கோமாகி நாகாகுதே சண்டைய கெளப்பி விட்டுச்சு. கடைசில எல்லாம் எங்க போயி முடியுமோ அங்கதான் முடிஞ்சுது, வாள் ஹிதேயோஷி கஜானாவுக்குப் போச்சு. நாடு முழுக்க இருந்த நல்ல வாள் பூரா அவருகிட்டதான் வந்து குவிஞ்சுது, அவருக்குப் பிடிச்ச கொல்லர்கள்ல யோஷிமித்சு முக்கியமான ஆளு. அவரு செத்ததும் மகன் ஹிதேயோரிக்கு, அந்தப் பையன் இத ஆசையா இடுப்புல வச்சிருந்தான்னு சொல்லுவாங்க.

1614 குளிர்காலம் ஒரு தடவ, 1615 கோடைல இன்னொரு தடவ, அதுக்குள்ள ஆட்சியப் பிடிச்சிருந்த இயேயாசு, ஹிதேயோரி இருந்த ஒசாகா கோட்டைய முற்றுகை போட்டாரு. ஜூன் மாசம் கோட்டை விழுந்துச்சு, தீப்பிடிச்சு எரிஞ்சுது. ஹிதேயோரியும் அவங்க அம்மாவும் உள்ளயே தற்கொலை பண்ணிக்கிட்டாங்க, அவனுக்கு 22 வயசு கூட நிரம்பல. ஹிதேயோஷி சேத்து வச்ச வாள் பொக்கிஷம் அந்த நெருப்புக்குள்ள.

வாள் இரும்பு தானே, வீடு எரியற நெருப்புல அதுக்கு என்ன ஆகப்போகுதுன்னு தோணும். எஃகு உருக கிட்டத்தட்ட 1,500 டிகிரி வேணும், மரக் கட்டடம் எரிஞ்சா அவ்ளோ சூடு வராது, உருகாதுதான். ஆனா கெட்டுப்போக உருகணும்னு அவசியமே இல்ல. ஜப்பான் வாள் எப்படி வெட்டுது? அலகு முழுக்க களிமண்ணு கலவை பூசுவாங்க, முதுகுப் பக்கம் தடியா, வெட்டுமுனைல மெல்லிசா. அப்புறம் கரி உலையில 750 800 டிகிரி வரைக்கும் காய வச்சு சட்டுனு தண்ணில முக்குவாங்க. மெல்லிசா பூசின முனை படக்குனு ஆறிடும், அப்ப எஃகுக்குள்ள இருக்கற கார்பன் வெளிய வர நேரம் இல்லாம உள்ளயே மாட்டிக்கிட்டு மார்ட்டென்சைட்டுனு ரொம்ப கடினமான ஒரு அமைப்பா மாறிடும். முதுகு மெதுவா ஆறும், அது மிருதுவா வளைஞ்சு குடுக்கற மாதிரி இருக்கும். இந்த ரெண்டும் சேர்ற எல்லைதான் ஹாமோன், வரைஞ்ச டிசைன் கிடையாது அது. வாள்ல இருக்கற வளைவு கூட பெரும்பாலும் அந்த ஒரு நொடில வர்றதுதான், முனை இரும்பு விரிஞ்சு முதுக பின்னாடி தள்ளும். நம்ம ஊர் பட்டறைல அருவாளுக்கு துவைச்சல் போடறதும் இதே வேலைதான், களிமண் பூசி முனைய மட்டும் தனியா கடினமாக்கறத அவங்க ஒரு கலையாவே கொண்டு போயிட்டாங்க.

இப்ப அதே அலக திரும்பி நெருப்புல போட்டு மெதுவா ஆற விட்டா அந்த மார்ட்டென்சைட்டு கலைஞ்சு போயிடும். முனையும் முதுகும் ஒரே மாதிரி மிருதுவாயிடும், ஹாமோன் அழிஞ்சுடும், மேல்தோல்ல கார்பன் எரிஞ்சு போயி கரடு தட்டிடும். உருவம் அப்படியே இருக்கும், காம்புல பேரு கூட இருக்கும், ஆனா அது வெட்டாது. இந்த நிலைக்கு ஜப்பான்ல யாகேமின்னு சொல்லுவாங்க, எரிஞ்ச உடம்பு.

இயேயாசு அந்த எரிஞ்ச வாள்கள எடுத்து யாசுத்சுகுகிட்ட குடுத்தாரு. யாசுத்சுகு பிறப்பால ஓமி நாட்டு ஷிமோசாகா ஊர்க்காரரு, பிழைப்புக்கு எச்சிஸென் நாட்டுக்கு, இன்னிக்கு ஃபுகுயி இருக்கற பக்கம், போனவரு. அங்க இயேயாசுவோட ரெண்டாவது மகன் ஹிதேயாசுதான் பிரபு. வேலை பிடிச்சுப் போயி சிபாரிசு மேல சிபாரிசா அப்பாகிட்ட போச்சு, இயேயாசு தன்னோட பேர்ல இருந்தே யாசுங்கற எழுத்த எடுத்து இவருக்குக் குடுத்தாரு, கூடவே தொக்குகாவா குடும்பத்தோட மூணு இலை அஓயி சின்னத்த வாளோட காம்புல வெட்டிக்கற உரிமையும். ஒரு கொல்லனுக்கு அதுக்கு மேல மரியாதை கெடையாது.

இவரப் பத்தி இன்னொரு சுவாரசியம், இவரு வாள்கள்ல வெளிநாட்டு இரும்புல செஞ்சதுன்னு காம்புலயே எழுதி வச்சிருப்பாரு. நான்பான் இரும்புன்னு அப்ப பேரு, போர்ச்சுகீசியர், டச்சுக்காரங்க கப்பல்ல வந்தது. உள்ளூர் இரும்பு மணல உருக்கி எடுக்கற தமாஹகானே இருக்கும்போது எதுக்கு அதுன்னா, பெரும்பாலும் புதுமை மோகம், பிரபுவுக்கு கப்பல் சரக்கு மேல இருந்த ஆசை, அதத் தாண்டி அந்த இரும்பால வாள் பெருசா உயர்ந்துடுச்சுன்னு எனக்குத் தோணல. அந்த இரும்புல ஒரு பங்கு இந்தியாவுல இருந்து போன உருக்கா இருக்கலாம்னு சில ஆய்வாளர்கள் சொல்றாங்க, டச்சுக் கம்பெனி சோழமண்டலக் கரைல இருந்து இரும்பும் எஃகும் ஏத்துமதி பண்ணினது உண்மை. உடனே சாமுராய் கைல தமிழன் இரும்புன்னு மீம் போட்றாதீங்க, இருக்கலாம்ங்கறதுதான் அங்க இருக்கற வார்த்தை, அதுவும் யாசுத்சுகுவோட சொந்த வாளப் பத்தினது, நமாஸுவோவுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

சரி, எரிஞ்ச வாளுக்கு மறுபடி துவைச்சல் போடறது எவ்ளோ கஷ்டம்? புதுசா அடிக்கறத விட ஒரு வகைல கஷ்டம்தான். புது வாள்னா தண்ணில முக்கும்போது விரிசல் விட்டா தூக்கிப் போட்டுட்டு வேற அடிக்கலாம், இங்க விரிசல் விட்டா போச்சு, யோஷிமித்சு திரும்பி வந்து அடிச்சுத் தரப் போறதில்ல. ஏற்கனவே ஒரு தடவ வளைஞ்ச அலகு, ரெண்டாவது தடவ முக்கினா இன்னும் வளையும், அத முன்கூட்டியே கணக்குப் பண்ணி நிமிர்த்தி வைக்கணும். நெருப்புல வெந்த எஃகுல கார்பன் எவ்ளோ மிச்சம்னு கண்ணால பாத்து தெரியாது. எல்லாத்துக்கும் மேல பழைய ஹாமோன் எப்படி இருந்துச்சுன்னு வாள்லயே தடயம் கெடையாது. ஹிதேயோஷியோட வாள்கள ஹோனாமி கோதோகுன்னு ஒரு மதிப்பீட்டாளர் கோட்டை எரியறதுக்கு முன்னாடியே வரைஞ்சு வச்சிருந்தாரு, அந்தப் படத் தொகுப்பு இன்னிக்கும் இருக்கு, எரியறதுக்கு முந்தி இந்த வாள்கள் எப்படி இருந்துச்சுன்னு நாம ஓரளவு தெரிஞ்சுக்கறதே அதுலதான். ஆனா படத்தப் பாத்து கோட்டோட போக்க காப்பி பண்ணலாம், எஃகோட மினுக்க காப்பி பண்ண முடியாது. திரும்பி காய்ச்சின வாளோட இரும்புத் தோல் கொஞ்சம் சோர்ந்துபோன மாதிரி, வறண்டு இருக்கும்னு பழகின கண்ணுக்காரங்க சொல்றாங்க. பிடிப் பக்கம் நீர் நிழல் மாதிரி மங்கலா ஒரு சாய்கோடு கெளம்பும், மறு துவைச்சல்னு சந்தேகப்பட அது ஒரு அடையாளம்.

யாசுத்சுகுவுக்கு இதுல பெரிய லாபம் ஒண்ணு இருந்துச்சு. நாட்டுலயே பெரிய வாள்கள், சாதாரண கொல்லன் தூரத்துல இருந்து கூட பாக்க முடியாத சரக்கு, எல்லாம் பிடி கழட்டின நெலமைல இவரு மடியில. எடை, கனம், காம்போட வடிவம், பள்ளம் வெட்டின விதம்னு எல்லாத்தையும் அளந்து பாத்து தன் பேர்லயே அதோட நகல்களும் அடிச்சாரு. யாசுத்சுகு செஞ்ச நகல் வாள்கள் இன்னிக்கு தனியா மதிப்புள்ள சரக்கு.

ஆனா இயேயாசு எதுக்கு மெனக்கெட்டாரு? அவருக்கு அப்ப 70 வயசு தாண்டிடுச்சு, அடுத்த வருஷமே செத்துட்டாரு, இந்த வாள வச்சு யாரையும் வெட்டப் போறதில்ல. இதே சமயத்துல ஒசாகா சாம்பல்ல இருந்து டீத்தூள் வைக்கற சின்ன ஜாடிகளோட உடைஞ்ச துண்ட கூட தேடி எடுக்கச் சொல்லி, ஃபுஜிஷிகேன்னு அரக்கு வேலை செய்யற அப்பா மகன் ரெண்டு பேர வச்சு ஒட்ட வச்சாரு. அதுல ஒண்ணு த்சுகுமோ நாசு, இப்பவும் முழு ஜாடி மாதிரி இருக்கு, எக்ஸ்ரே எடுத்துப் பாத்தப்போ உள்ள பூரா துண்டு துண்டு. என் கணிப்பு, இது ரசனைய விட அதிகாரம் சம்பந்தப்பட்டது. நோபுநாகா வச்சிருந்தது, ஹிதேயோஷி வச்சிருந்தது, இப்ப என்கிட்ட, அப்படிங்கற வரிசைல தன் பேரு வரணும்னா பொருள் சாம்பலா இருக்கக் கூடாது. நாட்டப் பிடிச்சவன் பொக்கிஷத்தையும் முழுசா பிடிச்சான்னு காட்டணும். வெட்டறதுக்காக இல்ல, கைமாத்தறதுக்காக உயிர் குடுத்த வாள் இது. அப்படித்தான் நடக்கவும் செஞ்சுது, இயேயாசு சொத்து மகன்களுக்குப் பிரிஞ்சப்புறம் நமாஸுவோ ஓவாரி தொக்குகாவா குடும்பத்துக்கிட்ட நின்னுச்சு, அந்தக் குடும்பத்து சேகரிப்புதான் 1935ல மியூசியமா திறந்தது.

நூறு வருஷம் கழிச்சு, தொக்குகாவா குடும்பத்து எட்டாவது ஷோகன், அதாவது நாட்ட ஆண்ட ராணுவத் தலைவர், யோஷிமுனே நாட்டுல பேர் பெற்ற வாள் எல்லாத்தையும் பட்டியல் போடச் சொன்னாரு, ஹோனாமி குடும்பம் தொகுத்துக் குடுத்துச்சு. அந்தப் பட்டியல்ல எனக்குப் பிடிச்ச விஷயம், எரிஞ்சுபோன வாள்களுக்குன்னு தனிப் பகுதியே இருக்கு. யோஷிமித்சு பேர்ல மட்டும் 34 வாள், அதுல பாதிக்கு மேல எரிஞ்ச கணக்கு. ஒசாகா ஒண்ணு, அப்புறம் 1657ல எடோ நகரத்த, அதாவது இன்னிக்கு டோக்கியோவ, சுட்டுத் தின்ன மெய்ரேகி தீ இன்னொண்ணு. அந்தத் தீயில ஹொனெபாமி தோஷிரோன்னு யோஷிமித்சு பேர்ல சொல்ற இன்னொரு வாகிஸாஷியும் வெந்து, அதையும் யாசுத்சுகு பரம்பரைக்காரங்கதான் திரும்ப துவைச்சல் போட்டாங்க, இப்ப கியோத்தோல தொயோகுனி கோயிலோட சொத்து. இப்படி ரெண்டாவது தடவ உலைக்குப் போன வாள்ங்க கொஞ்ச நஞ்சம் இல்ல.

இன்னிக்கு சாதாரண பழைய வாள் வாங்கறவங்ககிட்ட கேட்டா மறு துவைச்சல்னா தொடவே வேணாம்பாங்க. வெல சரசரன்னு எறங்கிடும், தரச் சான்றிதழும் பொதுவா கெடைக்காது, ரொம்ப அபூர்வமான பழைய பெயருக்கு மட்டும் விதிவிலக்கு. வியாபாரத்துக்கு அது நியாயம்தான், எரிஞ்ச வாள நல்ல வாள்னு தலையில கட்டறவங்க எல்லா காலத்துலயும் உண்டு. ஆனா வாள்னா கொல்லர் ஒருத்தரோட கையெழுத்து மட்டும்தான்னு நெனைக்கறப்போதான் அந்த விதி சரி. நமாஸுவோவ அப்படிப் பாக்க முடியாது. மடிச்சு அடிச்ச எஃகு யோஷிமித்சுவோடது, உருவமும் காம்பும் எழுத்தும் கூட. கடினமான முனை, அந்த வெள்ளைக் கோடு, அதாவது வாள வாளாக்கற பகுதி, யாசுத்சுகுவோடது. நான் லேபிள் எழுதினா ரெண்டு பேரையும் போடுவேன், யோஷிமித்சு பேர முதல்ல.

2015ல வாள்கள எல்லாம் அழகான பசங்களா மாத்தி ஒரு ஆன்லைன் கேம் ஜப்பான்ல வந்துச்சு, அதுல நமாஸுவோவும் ஹொனெபாமியும் நெருப்புல பழைய ஞாபகத்த தொலைச்ச அண்ணன் தம்பிங்க. அதுக்கப்புறம் பெரியவங்க மட்டும் வந்துட்டிருந்த வாள் கண்காட்சிக்கு இளம் பொண்ணுங்க கூட்டம் கூட்டமா வரிசைல நிக்க ஆரம்பிச்சாங்க. பழைய சேகரிப்பாளர்கள் சில பேரு மூஞ்சிய சுளிச்சாங்க, எனக்கு அந்தப் பொண்ணுங்க பக்கம்தான் சாய்வு. எரிஞ்ச வாள குறையுள்ள சரக்குன்னு ஒதுக்காம அதோட கதைக்காக பாக்க வந்தது அவங்கதானே.

நேர்ல பாக்கணும்னு நெனைச்சா முன்கூட்டியே மியூசியம் தளத்துல எது டிஸ்ப்ளேல இருக்குன்னு பாத்துட்டுப் போங்க, எல்லா வாளும் எப்பவும் வெளிய இருக்காது. அதே மியூசியத்துல கோதோ தோஷிரோன்னு இன்னொரு யோஷிமித்சு தான்தோ இருக்கு, தங்க நாணயம் அடிக்கற கோதோ குடும்பத்துக்கிட்ட இருந்ததால அந்தப் பேரு, நெருப்புல மாட்டாதது, தேசியப் பொக்கிஷம். ரெண்டும் ஒரே சமயத்துல வெளிய இருந்தா அதிர்ஷ்டம். முதல்ல கோதோவப் பாருங்க, கொஞ்சம் குனிஞ்சு லைட் சாய்வா விழற கோணத்துல இரும்புத் தோல நல்லா மனசுல வாங்கிக்கங்க, அப்புறம் நமாஸுவோகிட்ட வாங்க.